கேட் சீல்

2023 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி. மும்பை லோயர் பரேலில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினேழாவது மாடியில் உட்கார்ந்து, ஆறிப்போன இட்லியைப் பிய்த்துத் தின்றபடி நிதி மசோதாவைப் படித்துக்கொண்டிருந்தேன். பட்ஜெட் அன்றைக்குப் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவதில்லை. அமைச்சர் பேசி முடித்ததும் மசோதா இணையத்தில் ஏறும். மத்தியானத்துக்குள் ஜூனியர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். நள்ளிரவுக்குள் கிளையண்டுகளுக்கு, சட்டத்தில் என்ன மாறுகிறது என்று சொல்லும் 'அலர்ட்' போயாக வேண்டும். காலையில் அவர்கள் போனைத் திறக்கும்போது எங்கள் மெயில் முதலிலும், எதிர்க் கட்டடத்துக்காரர்களின் மெயில் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

என் பங்கில் விழுந்தது ஒரு குட்டிப் பிரிவு. வருமான வரிச் சட்டத்தின் 43பி-யில் 'எச்' என்று புதிதாக ஒரு வால் ஒட்டியிருந்தார்கள். குறு நிறுவனத்திடமோ சிறு நிறுவனத்திடமோ சரக்கு வாங்கிவிட்டு, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் சொல்லும் கெடுவுக்குள் காசு கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. என்றைக்குக் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். 43பி-யில் உள்ள மற்ற பல பாக்கிகளை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் போதும். இதற்கு அந்தச் சலுகையும் இல்லை. மார்ச் 31 என்றால் மார்ச் 31.

எட்டு வரி எழுதினேன். பார்ட்னர் ஆறாகக் குறைத்தார். அடிபட்ட இரண்டு வரியும், சரக்கு சப்ளை செய்பவர்கள் இதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றியவை. நம் கிளையண்டுகளில் சப்ளையர் யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மணிக்கணக்கில் பில் போடும் அலுவலகத்துக்குள், மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் பட்டறை வைத்திருப்பவர் எப்படி வருவார்? கடைசியாக மிஞ்சிய வாக்கியம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'தங்களுக்குப் பொருள் வழங்குவோரில் உத்யம் பதிவு பெற்றவர்கள் யார் என்பதைக் கிளையண்டுகள் இப்போதே கண்டறிந்து வைப்பது நல்லது.' உத்யம் என்பது இந்தச் சிறிய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. கண்டறிந்த பிறகு என்ன செய்வார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. மணி பதினொன்றரை. தூக்கம் வந்துகொண்டிருந்தது.

இந்த அலர்ட் சமாச்சாரம் ஏன் இப்படிப் பெருகிக் கிடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. பார் கவுன்சில் விதி 36 அதைத் தடுக்கிறது. சுற்றறிக்கை, தரகர், பேட்டி என்று எந்த வழியிலும் வேலை தேடக் கூடாது. அதே விதி போர்டின் அளவு வரைக்கும் பேசுகிறது. 2008இல்தான் பெயர், முகவரி மாதிரியான சில விவரங்களோடு இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் தளத்தைத் திறந்ததும் 'இது விளம்பரமல்ல, நானாகத்தான் தேடி வந்தேன்' என்று நம்மிடம் ஒரு சத்தியம் வாங்குகிறார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. சரி, 'நாங்கள் கெட்டிக்காரர்கள்' என்று சொல்லக் கூடாது; ஆனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு கட்டுரை எழுதிச் சும்மா கொடுக்கலாமே? அப்படிப் பிறந்ததுதான் இந்த இலவச எழுத்து. தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் ஒரு புதுச் சட்டத்தை முதல் நாளே புரியும்படி எழுதிக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் புரியும் என்பதுதான் கேள்வி.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், நான் மதுரைக்கே திரும்பிவிட்டேன். இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் யானைமலை. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்ததிலிருந்து இந்தப் பக்கம் வக்கீல்களின் ஊராகிவிட்டது. பக்கத்து டீக்கடையில் வடை வாங்க நின்றால்கூட நான்கு கறுப்புக் கோட்டு வரிசையில் நிற்கும்.

2024 பிப்ரவரி நடுவில் ஒருநாள் சித்தப்பா போன் செய்தார்.

"பாப்பா, உத்யம் சர்டிபிகேட்ட கேன்சல் பண்ணலாமா?"

"எதுக்குச் சித்தப்பா?"

"பண்ணாட்டி அடுத்த மாசத்துலருந்து ஆர்டர் இல்லங்கிறாய்ங்க."

சித்தப்பாவுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பட்டறை. ஒரு மில், இரண்டு பிரஸ், பதினொரு பேர். வண்டிகளுக்கும் மோட்டார்களுக்கும் போகும் கிராமெட், புஷ், வாஷர். உள்ளே நுழைந்தாலே கந்தகமும் சூடான ரப்பரும் கலந்த வாடை மூக்கில் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் துப்பட்டாவில் இருக்கும். பிரஸ்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளின் ஓரத்திலும் மெல்லிய சவ்வு மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர். நான்கு அக்காக்கள் தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் அதை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் பள்ளி லீவில் நானும் வெட்டியிருக்கிறேன். ஒரு கூடைக்கு ஒரு ஐஸ்.

அந்தச் சனிக்கிழமை போனேன். (கப்பலூர் டோல்கேட்டைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் கட்டுரை முடியாது. விட்டுவிடுகிறேன்.) சித்தப்பா ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். சித்தப்பாவின் சரக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. கடிதத்தில் மூன்று கட்டங்கள்: நீங்கள் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா, பதிவு இல்லாதவரா, டிக் செய்து சீல் வைத்து ஏழு நாளுக்குள் அனுப்பவும். கூடவே, கொள்முதல் பிரிவிலிருந்து வாய்மொழியாக ஒரு செய்தி: மூன்றாவது கட்டத்தில் டிக் இருந்தால் எல்லாருக்கும் நல்லது. கடிதத்தோடு ஒரு சட்ட நிறுவனத்தின் இரண்டு பக்க அலர்ட்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் போட்டிருந்தார்கள். நான் எழுதியதல்ல. வேறு நிறுவனம், வேறு ஆள். ஆனால் நான் எழுதியிருக்கக்கூடியதுதான். நான்காவது பத்தியில் அதே வாக்கியம், கிட்டத்தட்ட அதே சொற்களில்: பதிவு பெற்றவர்கள் யார் என்று கண்டறிவது நல்லது. கண்டறிந்துவிட்டார்கள்.

என் பழைய வேலையைப் பற்றிச் சித்தப்பாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். சிரித்துவிட்டு, "நீ எழுதாட்டி வேற எவனாச்சும் எழுதப் போறான்" என்றார். உண்மைதான். இருந்தாலும் சுருக்கென்றது.

பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து பில், 7 லட்சத்து 40 ஆயிரம். மிகப் பழையதற்கு 118 நாள். அந்தத் தொகைக்குள் 1 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம் ஜிஎஸ்டி. 18 சதவீதம். பில் போட்ட அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் சித்தப்பா தன் கையிலிருந்து அரசுக்குக் கட்டிவிட்ட காசு அது. கையில் ஏது? பேங்க் ஓவர்டிராஃப்ட். பதினொரு பேர் பட்டறை வட்டிக்கு வாங்கி, ஆயிரம் பேர் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. வட்டிக்கு விடும் ஊரில் பிறந்தவர் சித்தப்பா. ஆனாலும் இதைக் கடன் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. 'பேமெண்ட் டிலே' என்பார். ஏதோ ரயில் தாமதம் மாதிரி.

2006ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையில் நல்ல முரட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், காசு கொடுக்க வேண்டும். கொள்முதல் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் கணக்கு 45தான். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அப்போது பேங்க் ரேட் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. ஐந்து லட்சம் ஒரு வருஷம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம். அந்த வட்டியைச் சரக்கு வாங்கிய கம்பெனி தன் வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. புகார் கொடுக்க ஃபெசிலிடேஷன் கவுன்சில் இருக்கிறது; தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சியோடு மதுரையிலும் ஒன்று. அங்கே தீர்ப்பாகி, அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு பல் உள்ள சட்டம். கடிக்கத்தான் ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். நாளைக்கும் அதே கேட்டில் சரக்கு இறக்க வேண்டுமே.

2017இல் ஆன்லைனில் புகார் போடவே மத்திய அரசு ஒரு தளம் திறந்தது. பெயர் 'சமாதான்'. இந்தியில் தீர்வு என்று பொருள். சித்தப்பாவிடம் சொன்னபோது, "சமாதானமாப் போறதுக்கு எதுக்குத்தா கேஸு?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சரி, நாள் எங்கிருந்து எண்ணுவது? சட்டப்படி, சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். எனவே எனக்கு வேண்டியது, ஓசூரில் சரக்கு இறங்கிய தேதி. சரக்கோடு போய்க் கையெழுத்தாகித் திரும்பும் சலான்களை எடுங்கள் என்றேன்.

மேசை மேல் இரும்புக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு நகல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. உருவி எடுத்து மேசையில் பரப்பினோம். 31 சலான். எல்லாவற்றிலும் ஊதா மையில் ஒரே சீல்: எண்ணிக்கையும் தரமும் சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில். அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு, தேதிக்கு ஒரு புள்ளிக்கோடு. கையெழுத்து எல்லாவற்றிலும் இருந்தது, கேட் வாட்ச்மேனுடையது, கோழி கிளறியது மாதிரி. தேதி ஒன்பதில் மட்டும் இருந்தது. மீதி இருபத்திரண்டில் தேதிக் கோடு காலி.

நிதி மசோதா, ஆறு வரி, 45 நாள், கூட்டு வட்டி எல்லாமே கடைசியில் இந்தப் புள்ளிக்கோட்டில் வந்துதான் நிற்கின்றன. நான் படித்த எந்த அலர்ட்டிலும், எழுதியதிலும்தான், இந்தக் கோடு இல்லை. கப்பலூரிலிருந்து சரக்கு லாரி ஆபீஸ் வழியாகப் போகிறது. லாரி ரசீதில் புக் செய்த தேதி இருக்கும். இறக்கிய தேதி இருக்காது. சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் இருந்தால் தேதிக்கு உதவும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை அது தேவையில்லை. சித்தப்பாவின் சரக்கு ஒரு தடவைக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம்தான்.

அந்தச் சீலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரும் சரக்கு எல்லாவற்றிலும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே, ஒரே வாசகத்தைக் குத்துவது சட்டம் சொல்லும் 'எழுத்து மூலமான குறை' ஆகாது என்பது என் கருத்து. இன்ன பெட்டியில் இன்ன பழுது என்று இருந்தால்தான் குறை. அந்தக் கம்பெனியின் வக்கீல் வேறு மாதிரி சொல்வார். சொல்லட்டும்.

வக்கீல் நோட்டீஸ் விடவில்லை. நோட்டீஸ் போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம். சித்தப்பாவின் லெட்டர்ஹெட்டில், சித்தப்பா எழுதுகிற மாதிரியே ஒன்றரைப் பக்கம். உத்யம் பதிவை ரத்து செய்யும் எண்ணமில்லை. சப்ளை செய்த நாளில் பதிவு இருந்ததால், இப்போது ரத்து செய்தாலும் பழைய பில்களின் நிலை மாறாது என்று நினைக்கிறோம். கீழே ஐந்து பில்லுக்கும் அட்டவணை. பிறகு மிகப் பணிவாக ஒரு வரி: மார்ச் 31க்குள் இவை தீர்ந்துவிட்டால் தங்கள் ஆடிட்டருக்கும் வேலை குறையும், 45 நாளைத் தாண்டிய பாக்கிகளைத் தாங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு அனுப்பும் படிவத்திலும் காட்ட வேண்டியிருக்காது. வட்டி என்ற சொல்லையே எடுக்கவில்லை. சட்டப் பிரிவு எண்களை மட்டும் போட்டேன். புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

மார்ச் 27ஆம் தேதி நான்கு பில்லுக்குக் காசு வந்தது. ஐந்தாவதற்கு 'தரக் குறைபாடு' என்று மெயில், சரக்கு போய்ச் சேர்ந்து ஏறக்குறைய எழுபது நாள் கழித்து. ஏப்ரலில் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. ஜூலை வாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்தப் பொருள்களை வார்க்கும் மோல்டு சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. புது ஆளிடம் போனால் மோல்டு செலவு, சாம்பிள், டெஸ்ட் என்று மூன்று மாதம் ஓடிவிடும். சட்டத்தைவிட மோல்டுதான் காப்பாற்றியது என்று சித்தப்பா சொல்வார். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

இந்தப் பிரிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வரிக்கு மார்ச் 31 மட்டும்தான் கணக்கு. ஏப்ரல் மாத பில்லை டிசம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்தாகிவிட்டது. வரியில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. கூட்டு வட்டி ஏறியிருக்கும்தான், ஆனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? முதல் வருஷம் பதறிய கம்பெனிகள் இரண்டாம் வருஷம் இதைக் கற்றுக்கொண்டன. மார்ச்சில் பாக்கி பளிச்சென்று சுத்தமாகும்; மே மாதம் மறுபடி தொண்ணூறு நாள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்று உத்தரவு வந்தது, கெடு 2025 மார்ச் 31. நம் பில்லை அங்கே ஏலம் விட்டு பேங்கிடம் முன்கூட்டியே காசு வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பில்லை அந்தக் கம்பெனி அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பவும் அதே கேட், அதே வாட்ச்மேன்.

நடுவில் கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி ஒருவர், சித்தப்பாவின் கூட்டாளி, தனக்கும் 45 நாள் உண்டா என்று வந்தார். அவரிடமும் உத்யம் சான்றிதழ் இருந்தது, லேமினேட் செய்து. வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் அந்தப் பதிவைத் திறந்துவிட்டது, முன்னுரிமைக் கடன் வாங்க மட்டும்தான். இந்தக் கெடு உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும். சொன்னதும் முகம் வாடிவிட்டது. லேமினேஷனுக்கு வேறு தண்டம்.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஒரே நாளில் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடக்கம். அன்று ராத்திரியே என் போனில் பத்துப் பன்னிரண்டு அலர்ட். எல்லாமே சம்பளத்தில் பாதியாவது அடிப்படை ஊதியமாக வர வேண்டுமே, சிடிசியை (ஊழியருக்கு ஆகும் மொத்தச் செலவுக் கணக்கை) எப்படி மாற்றுவது என்று. பழைய தோழி ஒருத்தி எழுதியது அதில் ஒன்று, நன்றாகவே எழுதியிருந்தாள். கப்பலூரிலிருந்து வந்த கேள்வி வேறு: பீஸ் ரேட்டுக்கு ஃப்ளாஷ் வெட்டும் அக்காக்களுக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டுமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அக்காக்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஒரு அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதக் காமிச்சா பேங்க்ல லோன் தருவாங்களா?" என்று கேட்டார். தோழியின் அலர்ட்டில் அதற்கும் பதில் இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 43பி(எச்) என்ற பெயர் இல்லை, சரக்கு அதேதான். மறுபடி அலர்ட்டுகள்.

நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு சீல். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் செய்யக் கொடுத்தோம். நாள் முழுக்க ரப்பரிலேயே புரளுகிறவன், ஒரு துண்டு ரப்பருக்கு நூற்றெண்பது ரூபாய் அழ வேண்டியிருக்கிறதே என்று சித்தப்பாவுக்கு வருத்தம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி: 'சரக்கு இறங்கிய தேதி' என்று கோடு; 'குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.' சலான் மூன்று நகலிலும் குத்திவிட்டுத்தான் பெட்டி கட்டுவது. லாரி ஆபீஸ் வேண்டாம் என்று, அந்தப் பக்கம் போகும் ஒரு மினி லாரிக்காரரைப் பேசிப் பிடித்தோம். தேதி போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. வாட்ச்மேன் உசிலம்பட்டிக்காரராம். ஊர்ப் பாசமோ டீயோ, நான்கு மாதமாகத் தேதி விழுந்துகொண்டிருக்கிறது. இறக்கியதும் சலானைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவார். சித்தப்பா எனக்குத் தள்ளிவிடுவார்.

2026 ஜனவரி 3ஆம் தேதி சாயங்காலம் ஒரு படம் வந்தது. நம் சீலுக்கு மேலேயே அவர்கள் சீலையும் குத்தி, ஊதாவும் சிவப்புமாக ஒரே கறை. கோட்டில் தேதி இருந்தது. படத்துக்குக் கீழே சித்தப்பாவின் குரல், பின்னால் பிரஸ் சத்தத்தோடு:

"பாப்பா, தேதி போட்டுட்டாய்ங்க. ஆனா பழைய வருசத்தையே போட்டுட்டாய்ங்கத்தா. செல்லுமா?"